விடிகாலை 3 மணிக்கு புள்ளைய யார் கிட்ட விடுறது

எங்க தெருவுல ராத்திரி ரெண்டரைக்கெல்லாம் ஒவ்வொரு வூடா லைட்டு எரிய ஆரம்பிச்சிடும். சென்னைல காசிமேடு மீன்பிடி துறைமுகம் பக்கம் இருக்குறவங்களுக்கு இது தெரியும். 3 மணிக்கு ஏலத்துக்கு போய் நின்னாதான் நல்ல மீனு கிடைக்கும், அத வாங்கி ஐஸ் போட்டு கூடைய ஷேர் ஆட்டோவுல ஏத்தி பெரம்பூருக்கோ மூலக்கடைக்கோ கொண்டு போய் விடியிறதுக்குள்ள உக்காந்தாதான் அன்னைக்கு வியாபாரம். எங்க மாமியார் முப்பது வருஷமா இதத்தான் பண்றாங்க. நான் மீன் விக்கல, ஒரு வியாபாரி கிட்ட கணக்கு எழுதுறேன், ஆனா நேரம் அதே நேரம்தான். என் வூட்டுக்காரர் போட்டுல போனா பத்து நாள் பன்னெண்டு நாள் ஆவும் திரும்பி வர. அப்போ 3 மணிக்கு தூங்கினு இருக்குற ரெண்டு புள்ளைங்கள யார் பாத்துக்குறது?

பக்கத்து வூட்டு பெரியம்மா. சொந்தம்லாம் கிடையாது, பெரியம்மான்னு கூப்புடுறோம் அவ்ளோதான். ராத்திரியே ரெண்டு பேரையும் அவங்க வூட்ல படுக்க வெச்சிடுவேன். எங்க புள்ளைங்க மட்டும் இல்ல, சில நாள் அந்த ஒரே ரூம்ல ஆறு புள்ளைங்க வரிசையா பாய்ல படுத்திருக்கும். எழுப்பி, மூஞ்சி கழுவி, டீயில பன்னு தொட்டு குடுத்து, பெரியவங்கள ஸ்கூலுக்கும் சின்னதுங்கள பால்வாடிக்கும் அனுப்பிட்டுதான் அவங்க தன் வேலைய பாப்பாங்க. இதுக்கு அவங்க காசு கேட்டதே இல்ல, நாங்களா மீனு குடுப்போம், மாசத்துக்கு கொஞ்சம் பணம் கைல திணிப்போம்.

இத முதல்ல சொல்றதுக்கு காரணம் இருக்கு. புள்ளைங்களுக்கு கவர்ன்மென்ட்டு என்ன பண்ணுது, கார்ப்பரேஷன் என்ன பண்ணுதுன்னு பேச்சு வந்தா ஒண்ணுமே பண்ணலன்னு சொல்றவங்க இருக்காங்க, அது பொய். ரெண்டு புள்ள பெத்து வளத்தவ நான், எனக்கு தெரியும் எவ்ளோ வந்துச்சுன்னு. ஆனா அது எல்லாமே நல்லா விடிஞ்சதுக்கு அப்புறம்தான் வரும்.

என்னென்ன வந்துச்சுன்னு சொல்றேன். தம்பி, அதான் என் சின்ன பையன், வயித்துல இருக்கும்போது மூணாவது மாசம் முடியறதுக்குள்ள கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரில, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, பேர் பதிஞ்சு பிக்மி நம்பர், அதான் கர்ப்பத்த பதிஞ்சா குடுக்குற நம்பர், வாங்கிட்டேன். புதுசா கல்யாணமாகி வர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்ற முதல் விஷயமே இதான். அந்த நம்பர் இல்லனா பின்னாடி பர்த் சர்டிஃபிகேட் வாங்க அல்லாடணும், முத்துலட்சுமி ரெட்டி அம்மா பேர்ல இருக்குற மகப்பேறு உதவிக்கும் அதான் ஆதாரம். அந்த உதவி மொத்தம் 18,000 ரூபா, அதுல 14,000 பணமா வரும், மீதி 4,000க்கு ரெண்டு தடவை ஊட்டச்சத்து பெட்டகம், அதுல சத்து பவுடர், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், நெய்யெல்லாம் இருக்கும். பணம் ஒரே தடவையா வராது, செக்கப்புக்கு ஒழுங்கா போறோமா, புள்ளைக்கு ஊசி போட்டோமான்னு பாத்து பாத்து தவணையா வரும். முதல் ரெண்டு பிரசவத்துக்குதான் உண்டு. பெரியவ, எங்க பாப்பா, பொறந்தப்ப ஆதார்ல ஒரு எழுத்து பாங்க் புக்ல ஒரு எழுத்துன்னு இருந்ததால எனக்கு பணம் வர ரொம்ப நாள் இழுத்துச்சு, அதனால கல்யாணம் ஆன உடனே ரெண்டுலயும் பேர் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துக்கோங்கன்னு எல்லார் கிட்டயும் சொல்றேன்.

பொறந்தத 21 நாளுக்குள்ள பதிஞ்சா காசு கிடையாது. ஆஸ்பத்திரில பொறந்தா அவங்களே பதிஞ்சிடுவாங்க, பேர் மட்டும் அப்புறம் சேத்துக்கலாம், ஒரு வருஷத்துக்குள்ளன்னா அதுக்கும் ஃபீஸ் இல்ல. எங்க பக்கம் பேர் வெக்கிறதுக்கு தாய்மாமன் வரணும் அத்தை வரணும்னு மாசக்கணக்குல தள்ளிப்போட்டு அப்புறம் ஸ்கூல்ல சேக்கும்போது பேரே இல்லாத சர்டிஃபிகேட்ட வெச்சினு நிப்பாங்க.

ஊசி புதன்கிழமை. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், அப்புறம் ஒம்போதாவது மாசம் தட்டம்மைக்கு. எங்க நர்ஸ் அக்கா புள்ளைங்கள பேர் சொல்லி ஞாபகம் வெச்சிருப்பாங்க. ஒரு வாரம் போகலனா ஃபோன் வரும், ஃபோன் எடுக்கலனா ஆளே வந்துடும். காய்ச்சல் வருமேன்னு பயந்து ஊசிக்கு வராம இருக்குற புதுப்பொண்ணுங்க கிட்ட வாசப்படியில உக்காந்து பேசி பேசியே கூட்டினு போறத நான் பாத்திருக்கேன்.

அதோட பால்வாடி. அங்கன்வாடின்னு போர்டுல எழுதியிருந்தாலும் எங்களுக்கு பால்வாடிதான். பால்வாடிய நடத்துற இந்த ஐசிடிஎஸ் திட்டம் 1975 அக்டோபர் 2ல ஆரம்பிச்சது, எங்க அம்மாவும் பால்வாடில சாப்ட்டவங்க, நானும் சாப்ட்டவ. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் சத்துமாவு பாக்கெட் வூட்டுக்கு குடுப்பாங்க, ரெண்டு வயசுக்கு மேல அங்கயே மதிய சாப்பாடு, வாரத்துல 3 நாள் முட்டை. சத்துமாவ அப்படியே கஞ்சியா காச்சி குடுத்தா என் பையன் துப்பிடுவான். பால்வாடி ஆயாதான் சொல்லிக்குடுத்தாங்க, லேசா வறுத்து தேங்கா துருவி போட்டு கொழுக்கட்டையா புடிச்சி வேக வெய்யின்னு, அதுக்கப்புறம் அவனே கேட்டு வாங்கி தின்றான். ஒரு வயசுல தம்பியோட எடை வளர்ச்சி அட்டையில பச்சையில இருந்து மஞ்சளுக்கு எறங்கிடுச்சு. எனக்கு அது பெருசா தெரியல, ஒல்லியா இருக்கான் அவங்க அப்பா மாதிரின்னு நெனச்சேன். டீச்சர் விடல. வூட்டுக்கே வந்தாங்க, என்ன குடுக்குற, எத்தன வாட்டி குடுக்குற, ராத்திரி என்ன சாப்புடுறான்னு கேட்டு, மாசா மாசம் எடை போட வெச்சி, நாலு மாசத்துல திரும்ப பச்சைக்கு கொண்டு வந்துட்டாங்க. இதெல்லாம் பண்ணினு அவங்க போஷன் டிராக்கர்னு ஒரு கவர்ன்மென்ட்டு ஃபோன் ஆப்புல எல்லாத்தையும் வேற ஏத்தணும், நெட்டு வராம ஃபோன தூக்கினு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துனு இருப்பாங்க. அந்த சம்பளத்துக்கு அவங்க செய்யிற வேலைய நெனச்சா எனக்கு மனசு வலிக்கும்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம் இருக்கு பாருங்க, அப்பதான் இந்த முட்டையோட அருமை தெரியும். வூட்ல வருமானம் இல்லாத நாள்ல புள்ள மதியம் வயிறு நெறைய சாப்ட்டிருக்கான்றதே பெரிய தெம்பு. அந்த ரெண்டு மாசம் எங்க தெருவே வேற மாதிரி இருக்கும், ஆம்பளைங்க எல்லாம் கரையில வலை பின்னிட்டு வந்து இடுப்புல புள்ளைய வெச்சினு சுத்துவாங்க. என் பையன் அவங்க அப்பாவ அப்பான்னு ஒட்டினதே ஒரு தடைக்காலத்துலதான்.

பெரியவ இப்போ கார்ப்பரேஷன் ஸ்கூல்ல ரெண்டாவது. காலைல ஸ்கூல்லயே டிபன், உப்புமா, கிச்சடி, பொங்கல்னு நாளைக்கு ஒண்ணு. இந்த காலை உணவு திட்டத்த 2022 செப்டம்பர் 15ல மதுரைல ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப்பள்ளிங்களுக்கு கொண்டு வந்தாங்க. இதுல எனக்கு ஒரு ஊர்ப்பெருமையும் இருக்கு. பழைய வண்ணாரப்பேட்டைல காலேஜ் இருக்கே, தியாகராயர் பேர்ல, அந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சி தலைவரா இருந்தப்ப 1920 செப்டம்பர்லயே ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு டிபன் குடுக்க தீர்மானம் போட்டாங்க, ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. பசியோட வர்ற புள்ளைக்கு பாடம் ஏறாதுன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊர் மாநகராட்சிக்கு தோணியிருக்கு.

ஆனா அந்த டிபன் ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும்தான். அக்கா ஸ்கூல்ல பொங்கல் சாப்புடுவா, பால்வாடி போற தம்பி பெரியம்மா குடுக்குற டீயும் பன்னும்தான். ஒரே வூட்டு புள்ளைங்க, சின்னதுக்குதான் பசி அதிகம் தாங்காது.

2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வந்தப்ப தம்பிக்கு அஞ்சு மாசம். மூணு நாள் கரண்ட் இல்ல, தண்ணி முட்டிக்கு மேல. அவனுக்கு தாய்ப்பால் இருந்தது, அதனால தப்பிச்சான், ஆனா பாப்பாவுக்கு பால் கிடைக்கல, ஊருக்கே பால் கிடைக்கல. முனை டீக்கடை அண்ணன் இருந்த கொஞ்ச பாக்கெட்டையும் டீ போடாம வெச்சி, எந்தெந்த வூட்ல கைக்குழந்த இருக்குன்னு கேட்டு கேட்டு குடுத்தாரு. எங்க தெரு பசங்க மீன் போடுற பெரிய டப்புல புள்ளைங்கள உக்கார வெச்சி மெயின் ரோடு வரைக்கும் தள்ளினு போனாங்க. எந்த வூட்ல எத்தன மாச புள்ள இருக்குன்னு யாரும் எழுதி வெக்கல, ஆனா பெரியம்மாவுக்கு தெரியும், நர்ஸ் அக்காவுக்கு தெரியும், பால்வாடி டீச்சருக்கு தெரியும்.

அதனாலதான் நான் இப்போ ஒரு வேலைய எடுத்துனு சுத்தினு இருக்கேன். எங்க தெருவுக்கு விடிகாலைல தொறக்குற ஒரு குழந்தைங்க காப்பகம் வேணும். 3 மணிக்கு. கேட்டா எல்லாரும் திகைக்கிறாங்க, ஆனா துறைமுகம் அந்த நேரத்துக்குதான் முழிக்குது. மத்திய அரசோட பால்னா திட்டத்துல அங்கன்வாடியோட சேத்து காப்பகம் நடத்த வழி இருக்கு, ஆனா எங்க நேரத்துக்கு யாராவது மாத்தி யோசிக்கணும். முதல்ல யார் கிட்ட கேக்குறதுன்றதே குழப்பம்தான். ஊசி, பர்த் சர்டிஃபிகேட், ஸ்கூல், பார்க் எல்லாம் கார்ப்பரேஷன், பால்வாடி சமூக நலத்துறை. இங்க போனா அங்க போன்னுவாங்க, அங்க போனா கட்டடம் அவங்களதுன்னுவாங்க. வார்டு ஜனங்க குறைய சொல்றதுக்கு ஏரியா சபை கூட்டம்னு ஒண்ணு நடக்குது இல்ல, அங்க போய் எழுந்து பேசினேன், கைகால் எல்லாம் நடுங்குச்சு. எழுதிக்கிட்டாங்க. அடுத்த வாட்டி மனுவா எழுதி கையெழுத்தோட குடுக்க சொன்னாங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு ரூம், ஃபேன், நல்ல கக்கூஸ், காலைல 7 மணிக்கு புள்ளைங்களுக்கு ஒரு கிண்ணம் சூடா எதனா. அத பாத்துக்குறதுக்கு வெளிய இருந்து ஆள் போட வேணாம், பெரியம்மா மாதிரி ஏற்கனவே இத பண்ணினு இருக்குற பொம்பளைங்களுக்கே முறையா சம்பளம் குடுங்கன்றேன். அவங்களுக்கு முட்டி வலி, போன மழைக்கு ஒரு வாரம் படுத்துட்டாங்க, அந்த ஒரு வாரம் தெருவுல நாலு பொம்பளைங்க வேலைக்கு போகல. நான் வியாபாரி கிட்ட லீவு சொல்லிட்டேன், மத்த மூணு பேர் கூடைய கவுத்து வெச்சிட்டாங்க.

நேத்து வரைக்கும் 26 பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. பெரியம்மா கிட்டயும் போனேன். இன்னாத்துக்குமா எனக்கு சம்பளம், புள்ளைங்க தானே தூங்குதுங்கன்னாங்க. நான் படிச்சி காட்டினேன், சூடா ஒரு கிண்ணம்னு எழுதியிருந்த எடத்துல நிறுத்தி, முட்டையும் சேத்து எழுதுன்னாங்க. எழுதினேன். அப்புறம் கைநாட்டு வெச்சாங்க.