காலித் தொட்டிகளோடு 13 மாதம்

2018 மே மாதம் ஒரு பழைய கார் மெக்கானிக் ஷெட்டின் சாவி எங்கள் கைக்கு வந்தது. அன்றைக்கே வாடகையும் ஓட ஆரம்பித்தது, மாதம் 3,800 டாலர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வரும் சின்ன ஊர். அங்கே நானும் என் கூட்டாளியும் ஒரு ப்ரூவரி, அதாவது பீர் காய்ச்சும் ஆலை, தொடங்கினோம். முதல் கோப்பை பீரை விற்றது 2019 ஜூனில். நடுவில் போன அந்த 13 மாதத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பீர் எப்படிக் காய்ச்சுவது என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருந்தார்கள். காய்ச்ச அனுமதி வரும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எனக்குத் தெரிந்த தொழில் பால் ஆலை. முதலில் சேலம் பக்கம், அப்புறம் இங்கே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், வால்வு, பம்ப், குளிரூட்டி, காஸ்டிக் ஓடவிட்டுக் கழுவுவது, இதுதான் 20 வருடம். கூட்டாளி அதே ஆலையில் வெல்டர். வீட்டு கராஜில் பல வருடமாக பீர் காய்ச்சி வந்தவர். பால் ஆலைக்கும் பீருக்கும் உறவு பழையது. கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா ப்ரூவரி 1980-ல் முதல் பீரைக் காய்ச்சியதே பழைய பால் ஆலைத் தொட்டிகளைத் தேடிப்பிடித்து மாற்றியமைத்துத்தான். அதை அவர் சொன்ன நாளிலிருந்து எனக்குள்ளும் ஆசை விழுந்துவிட்டது.

எங்களுக்குத் துணிச்சல் வந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 2017 செப்டம்பர் 1 வரை ஜார்ஜியாவில் ப்ரூவரிகள் தங்கள் பீரை நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்க முடியாது. மொத்த வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும். அன்று முதல் வருடத்துக்கு 3,000 பேரல் வரை தங்கள் இடத்திலேயே விற்கலாம் என்று ஆனது. ஒரு பேரல் என்பது சுமார் 117 லிட்டர். எங்கள் அடுப்போ ஒரு முறைக்கு 5 பேரல் காய்ச்சக்கூடியது. 3,000 பேரல் எங்களுக்குக் கடல் மாதிரி. மொத்த வியாபாரியின் பங்கு போகாமல் முழு விலையும் கைக்கு வந்தால் மட்டுமே இந்த அளவு ப்ரூவரி பிழைக்கும்.

சரி, விண்ணப்பம் போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. மத்திய அரசின் அனுமதி, மாநில உரிமம், நகர உரிமம் என்று மூன்று வேண்டும். மத்திய அரசிடம் விண்ணப்பிக்கவே இடம் கையில் இருக்க வேண்டும். லீஸ் பத்திரம், கட்டட வரைபடம், எந்தத் தொட்டி எங்கே நிற்கும், எத்தனை கொள்ளளவு, எல்லாம் எழுத வேண்டும். மாநிலமோ மற்ற இரண்டையும் கொண்டு வா என்கிறது. ஆக, அனுமதி கிடைக்குமா என்று தெரியாமலே வாடகை கொடுத்துக்கொண்டு, தரையை உடைத்து வடிகால் போட்டு, தொட்டிகளை வாங்கி நிறுத்த வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு செலவுக் கணக்கு. எங்களுக்கு அது வீட்டுச் சேமிப்பு. கலப்படமும் கள்ளச்சாராயமும் எத்தனை உயிர் வாங்கும் என்பது தமிழ்நாட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும், அதனால் கட்டுப்பாடு வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் இடத்தை வாடகைக்கு எடுக்கும் முன்பே ஆட்களைப் பற்றிய விசாரணையையாவது முடித்துக் கொடுத்தால் எத்தனையோ சின்னக் குடும்பங்கள் தப்பிக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த விசாரணையில் முக்கியமான கேள்வி: உன் பணம் எங்கிருந்து வந்தது? என் பங்குக்காக ஊரில் முக்கால் ஏக்கர் தென்னந்தோப்பை விற்றிருந்தேன். வங்கியில் பணம் வந்த கணக்கு, கிரையப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்தேன். அதிகாரிக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. அம்மாவுக்குச் சொல்வதுதான் முடியவில்லை. "ஏங்கண்ணு, உங்கப்பன் வெச்ச தென்னைய வித்தா சாராயங் காய்ச்சப் போற?" என்று கேட்டார். அம்மா பிறந்தது ஓமலூர் பக்கம். 1937-ல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். குடியால் போன குடும்பங்களின் கதைகளை அவர் அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். பீர் வேறு, சாராயம் வேறு என்று நான் ஆரம்பித்தேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று போனை வைத்துவிட்டார். அதன்பிறகு பல மாதம் அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

அந்தக் கிரையப் பத்திரம் வேறு விதத்தில் கைகொடுத்தது. செப்டம்பரில் அனுப்பிய விண்ணப்பம் நவம்பரில் திரும்பி வந்தது. வரைபடத்தில் கோடு ஒன்று, எழுத்தில் சொன்னது ஒன்று என்று குறை. பீர் தயாரிக்கும் பகுதி எங்கே முடிகிறது, வாடிக்கையாளர் உட்காரும் பகுதி எங்கே தொடங்குகிறது என்பது சந்தேகமில்லாமல் இருக்க வேண்டும், வரிக் கணக்கு அந்தக் கோட்டை வைத்துத்தான். கூட்டாளி நான்கு முறை எழுதிக் கிழித்துப் போட்டார். நான் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். "இதற்குச் சக்குபந்தி: வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு" என்று நம் ஊர் பத்திர எழுத்தர் ஒரு தோப்பின் எல்லைகளை நாலே வரியில் கட்டிப்போட்டிருந்தார். அதே முறையில் எழுதினேன். வடமேற்கு மூலைத் தூணில் தொடங்கி, தெற்கே 42 அடி, அங்கிருந்து கிழக்கே குளிர் அறைச் சுவர் வரை, இப்படி சுற்றி வந்து அதே தூணில் முடித்தேன். டேப் பிடித்து ஒவ்வொரு அடியையும் மறுபடி அளந்தோம். அந்தப் பக்கத்தை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

திருத்திய விண்ணப்பம் போன மூன்றாவது வாரம், 2018 டிசம்பர் 22-ம் தேதி, மெக்சிகோ எல்லைச் சுவருக்கான நிதிச் சண்டையில் மத்திய அரசே பகுதியாக முடங்கியது. நாடு முழுக்க புதிய ப்ரூவரிகளின் அனுமதியும், புதிய பீர்களின் லேபிள் ஒப்புதலும் நின்றுபோயின. வாஷிங்டனில் அட்லஸ் ப்ரூ வொர்க்ஸ் என்ற ப்ரூவரி, ஆப்ரிகாட் பழம் சேர்த்த ஒரு பீரின் லேபிளுக்காக வழக்கே போட்டது. அவர்களிடம் பீர் இருந்தது, லேபிள் இல்லை. எங்களிடம் தொட்டிகள் மட்டும் இருந்தன. 35 நாள். தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறப்பேன், ஒன்றும் இருக்காது. கடை வாசலில் நின்று "எப்போ திறப்பீங்க?" என்று கேட்பவர்களுக்குச் சொல்லப் பதில் இருக்காது. இரண்டாவது ஃபெர்மெண்டருக்காக, அதாவது பீர் நொதிக்கும் தொட்டிக்காக, எடுத்துவைத்த பணம் அந்தக் குளிர்காலத்து வாடகையில் கரைந்தது. ஒரு நாள் இரவு கூட்டாளி தரையில் உட்கார்ந்து, "சாவியைத் திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இருவரும் எழுந்து வடிகாலில் தண்ணீர் ஊற்றி, எங்காவது தேங்குகிறதா என்று பார்த்தோம். தேங்கவில்லை. அடிக்குக் கால் அங்குலம் சரிவு, நாங்களே கான்கிரீட் போட்டது. அந்த இரவு அது ஒன்றுதான் ஆறுதல்.

ஜனவரி 25-ல் அரசு மறுபடி இயங்கியது. தேங்கிய விண்ணப்பங்கள் வரிசையாக நகர்ந்து, மார்ச் மாதம் எங்கள் அனுமதி வந்தது.

நகர மன்றக் கூட்டம் அதற்கடுத்த மாதம். உரிமம் தரலாமா என்று பொதுமக்களிடம் கேட்டபோது வயதான ஒரு பெண்மணி எழுந்தார். குடித்துவிட்டுக் காரோட்டிய ஒருவனால் தம்பியை இழந்தவர். "உங்கள் கடையில் ஒருவர் நிதானம் தப்பினால் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எனக்கு அம்மா குரல்தான் கேட்டது. நான் எழுந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா, நானே வீடுவரை கொண்டுபோய் விடுகிறேன்" என்றேன். இரவு 9 மணிக்கு மூடுவது, சாப்பாடு இல்லாத நாளில் திறக்காமல் இருப்பது என்று நாங்கள் முடிவு செய்தது அன்றைக்கு அவர் கேட்டதால்தான். இன்றுவரை அதை மாற்றவில்லை. ஐந்தாறு பேரை என் காரில் கொண்டுபோய் விட்டும் இருக்கிறேன்.

மே முதல் வாரம் மாநில உரிமமும் வந்தது. காலை 10 மணிக்குத் தகவல், 11 மணிக்கு மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, அரைக்கும் சத்தம். வெந்நீரில் மால்ட் விழுந்ததும் எழுந்த வாசனை அச்சு அசலாக எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் கூழ் கொதிக்கும் வாசனை. ஒரு வருடமாக பெயிண்டும் சிமெண்டும் மட்டுமே நாறிய ஷெட் அது. கூட்டாளி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வடித்த பிறகு மிஞ்சிய மால்ட் சக்கையை டிரம்களில் நிரப்பி வெளியே வைத்தோம். பக்கத்துப் பண்ணைக்காரர் டிரக்கில் வந்து எடுத்துப்போனார். மாடுகள் முண்டியடித்துத் தின்பதை அவர் வீடியோ எடுத்து அனுப்பினார். அதை அம்மாவுக்கு அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை. மறுநாள் விடிகாலை போன் வந்தது.

"அதென்ன கண்ணு, புண்ணாக்கா?"

பீர் காய்ச்சிய சக்கை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ரொம்ப ஈரமா இருக்குது. வைக்கோலோட கலந்து போடச் சொல்லு, இல்லீனா வயிறு ஊதிக்கும்."

சொல்கிறேன் என்றேன். பண்ணைக்காரரிடம் சொல்லவும் செய்தேன்.