தார்ப்பாய்க்குக் காசு கொடுத்தது யார்?

எங்கோ நிலநடுக்கம் என்று செய்தி வந்ததும் நாம் பணம் அனுப்புகிறோம், நாலைந்து நாள் கழித்து டிவியில் வரிசையாகக் கூடாரங்களைக் காட்டுகிறார்கள், நம்ம காசு போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு திருப்தி. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அந்தக் கூடாரம் நிலம் ஆடுவதற்கு எத்தனையோ மாதம் முன்பே தைத்து மடித்து ஏதோ ஒரு கிடங்கில் அடுக்கி வைத்தது. அதை வாங்கிய பணம் எந்தப் பேரிடரின் பெயரும் சொல்லாமல் யாரோ கொடுத்தது.

ஷெல்ட்டர்பாக்ஸ் என்ற அமைப்பைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால், அங்கே ஹெல்ஸ்டன் என்ற சின்ன ஊரின் ரோட்டரி சங்கம் 2000-இல் ஆரம்பித்தது. ஒரு குடும்பத்துக்குத் தேவையான கூடாரம், போர்வை, தண்ணீர் வடிகட்டி, கொசுவலை, அடுப்பு, சில கருவிகள், பிள்ளைகளுக்கு வரைய ஏதாவது, எல்லாவற்றையும் ஒரே பச்சைப் பெட்டிக்குள் அடைத்து அனுப்புவதுதான் யோசனை. முதல் 143 பெட்டிகள் போனது நம் நாட்டுக்கே, 2001 ஜனவரியில் குஜராத் நிலநடுக்கத்துக்கு.

பணம் திரட்ட அவர்கள் பிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. ஒரு பெட்டிக்கு 590 பவுண்டு என்று விலை வைத்தார்கள். ஒரு பள்ளிக்கூடமோ ரோட்டரி சங்கமோ கேக் விற்று, ஓட்டப்பந்தயம் நடத்தி அந்தத் தொகையைச் சேர்த்தால் 'எங்கள் பெட்டி' என்று சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இருந்தது, அது எந்த நாட்டுக்குப் போனது என்று பின்னால் தெரிந்துகொள்ள முடிந்தது. இதோடு பிரிட்டனில் வரி கட்டுபவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் வரியைத் தொண்டு நிறுவனத்துக்கே திருப்பித் தருகிறது. உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போகிறவர்களும் அங்கே நிறைய.

ஆனால் கொடுப்பவருக்குப் பிடித்த பெட்டிதான் வாங்குபவருக்கும் வேண்டும் என்று யார் சொன்னது? கூடாரத்துக்குச் சமதளம் வேண்டும். மலைச்சரிவில் வீடு இடிந்தவருக்கு அதை எங்கே போடுவது? பாதி சுவர் நிற்கும்போது அந்த இடத்தை விட்டு, மாட்டை விட்டு நகர யாருக்கும் மனசு வராது. நல்ல கூடாரமே வெயிலிலும் மழையிலும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது. அதனால் பல இடங்களில் இப்போது அதே அமைப்பு பெட்டியை விட்டுவிட்டுத் தார்ப்பாய், கயிறு, ஆணி, கட்டுக்கம்பி, ரம்பம், சுத்தியல், மண்வெட்டி என்று ஒரு பையைக் கொடுக்கிறது. பெயரிலேயே பெட்டி இருக்கிற அமைப்பு பெட்டி இல்லாமல் கிளம்பப் பழகிக்கொண்டதுதான் எனக்கு அவர்களிடம் ரொம்பப் பிடித்த விஷயம். போட்டோவில் கூடாரம் அளவுக்கு இது எடுபடாது, அது வேறு கதை.

தார்ப்பாய் என்றால் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் நீலத் தாள் இல்லை. நிவாரணத்தில் பொதுவாக 4க்கு 6 மீட்டர் அளவு, செஞ்சிலுவைச் சங்கக் கணக்குப்படி குடும்பத்துக்கு இரண்டு, கயிறு கட்ட ஓரத்தில் அழுத்தமான பட்டை வைத்தது. கட்டுவதில்தான் சூட்சுமம். ஆணியை நேராகத் துணியில் அடித்தால் முதல் காற்றிலேயே கிழிந்துவிடும், தலைக்கு அடியில் ஒரு சோடா மூடியோ மரச்சட்டமோ கொடுத்து அடிக்க வேண்டும். நடுவில் கட்ட வேண்டுமென்றால் ஓட்டை போடக் கூடாது, ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துச் சுற்றி அதன் கழுத்தில் கயிற்றை முடிச்சுப் போட வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பயணச் செலவு, சாப்பாடு, தங்குமிடம் வேண்டும். 'நிர்வாகச் செலவு' என்று நாம் முகம் சுளிக்கிற கணக்கில் இந்த மாதிரி ஆட்களின் செலவும் கலந்துதான் கிடக்கும்.

ஆள் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரை நிழல், சமைக்கும் இடம் சேராமல். உலகம் முழுக்க நிவாரண அமைப்புகள் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவு இதுதான். ஐந்து பேர் குடும்பத்தை அதில் வைத்து யோசித்துப் பாருங்கள். அளவு மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் தார் பூசிய ஷீட்டில் போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் பகலில் உள்ளே உட்கார முடியவில்லை, அப்படி ஒரு வெக்கை.

இந்த எல்லாவற்றுக்கும் பணம் எப்போது வருகிறது என்பதுதான் சிக்கல். கேமரா இருக்கும் வாரத்தில் கொட்டும், அதுவும் 'இந்தப் பேரிடருக்கு மட்டும்' என்ற முத்திரையோடு. அந்தப் பணத்தை அடுத்த வெள்ளத்துக்கான இருப்பு வாங்கவோ, செய்தியில் வராத ஒரு போர்க்கள ஊருக்குத் தார்ப்பாய் அனுப்பவோ தொட முடியாது. 2004 சுனாமி சமயத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குச் சில நாட்களிலேயே தேவைக்கு மேல் பணம் சேர்ந்துவிட, 'சுனாமிக்குப் போதும்' என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். மற்ற தொண்டு நிறுவனங்கள் சிலவற்றுக்குக் கோபம், கேட்க வேண்டுமா? ஆனால் மருத்துவர்கள் அமைப்பினர் பணம் கொடுத்தவர்களிடமே எழுதிக் கேட்டார்கள், மீதியை வேறு இடத்தில் செலவு செய்யட்டுமா என்று. பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொன்னார்கள்.