மொலொக்காய்த் தீவும் எங்கள் வீட்டு அலுமினியத் தட்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, சித்தூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் கத்தோலிக்கத் தேவாலயத்தின் கூடத்தில், தொழுநோயாளிகளோடு வாழ்ந்து பணிசெய்த குருவான தந்தை தமியானைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் திரையிட்டார்கள். எதிர்வீட்டு ஆசிரியர் அழைத்ததால் போனேன். படம் ஆங்கிலத்தில் ஓடியது. பங்குத்தந்தை அவ்வப்போது நிறுத்தித் தெலுங்கில் விளக்கினார். குடியாத்தத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி என் பக்கத்தில் அமர்ந்திருந்ததால், அதை நான் தமிழில் அவர் காதருகே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெல்ஜியத்தின் ட்ரெமெலோ கிராமத்தில் 1840இல் பிறந்த ஜோசப் தெ வூஸ்டர் என்கிற தமியான், ஹவாய்த் தீவுகளுக்கு மறைப்பணிக்குப் போகவேண்டிய தம் அண்ணன் நோயுற்றதால், அவருக்குப் பதிலாகத் தாமே கப்பலேறி 1864இல் ஹொனலுலுவை அடைந்தார். அங்கேயே குருப்பட்டமும் பெற்றார். அதற்கு மறு ஆண்டே ஹவாய் அரசு தொழுநோயாளிகளைப் பிரித்துவைக்கச் சட்டம் இயற்றியது. மூன்று பக்கம் கடலும் நான்காம் பக்கம் செங்குத்தான மலைச்சுவருமாக இருக்கும் மொலொக்காய்த் தீவின் தீபகற்பம் ஒன்றில், 1866 ஜனவரி முதல் நோயாளிகளைப் படகில் கொண்டுபோய் இறக்கத் தொடங்கினார்கள். 1873 மே 10ஆம் தேதி தமியான் அங்கே கரையேறியபோது அவருக்கு வயது 33. குருக்கள் முறைவைத்து மாறி மாறிப் போய்வரலாம் என்பதுதான் ஆயரின் திட்டமாக இருந்தது. முதல் முறைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். தங்க வீடு இல்லாததால் தொடக்க நாள்களில் ஒரு தாழை மரத்தடியில் படுத்தார் என்று சொன்னபோது, பாட்டி, "தாழையா, அதுல பாம்பு இருக்குமே" என்று கவலைப்பட்டார்.

படத்தில் வயலின் இசை தேவைக்கு மேல் இருந்தது. அந்த மலைச்சுவரையும் பறந்து பறந்து பலமுறை காட்டிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது தமியானின் தச்சுவேலையைக் காட்டிய பகுதி. அவர் வீடுகள் கட்டினார், குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தார், சிறிய கோவிலைப் பெரிதாக்கினார், புண்களுக்குக் கட்டுப் போட்டார், இறந்தவர்களுக்குத் தம் கையாலேயே சவப்பெட்டி செய்து குழியும் வெட்டினார். நோயாளிகளோடு ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சேம்பங்கிழங்குக் களியைச் சாப்பிட்டார். தம் புகைக்குழாயை அவர்களுக்குக் கொடுத்து வாங்கினார். மேலதிகாரிகளுக்கு அவரோடு ஒத்துப்போவது கடினமாக இருந்தது. பிடிவாதக்காரர், முரடர் என்று அவர் இறந்தபின் ஒரு போதகர் பழித்து எழுதியபோது, எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1890இல் பகிரங்கக் கடிதம் எழுதினார். தமியானிடம் குறைகள் இருந்ததை மறுக்காமலேயே அவர் பக்கம் நின்ற கடிதம் அது. படம் இதை அரை நிமிடத்தில் கடந்துபோனது எனக்கு வருத்தம்.

1884 டிசம்பரில் ஒரு நாள், கொதிக்கும் நீரில் கால் வைத்தும் சூடு தெரியாமல், தோல் கொப்பளித்த பிறகே தமியானுக்கு நோயின் அடையாளம் புரிந்தது என்ற காட்சி வந்தபோது நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் தாத்தாவின் தம்பி, சின்னத் தாத்தா, பின்கட்டில் தென்னையடியில் உட்கார்ந்து பீடி குடிப்பார். நெருப்பு விரலிடுக்கைத் தொட்டுத் தோல் கருகும் வாசனை எனக்கு எட்டிய பிறகும் அவருக்குத் தெரியாது. "தாத்தா, கை!" என்று நான் கத்துவேன். அவர் நிதானமாகக் குனிந்து பார்த்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பீடியைத் தட்டிவிடுவார்.

தெலுங்கர்கள் அதைப் பெத்தரோகம் என்றார்கள், நாங்கள் பெருவியாதி என்றோம். இந்த நோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இழந்த கையிலும் காலிலும் தெரியாமல் படும் சூடும் வெட்டும்தான் அவற்றைத் தின்கின்றன என்பதை ஊர் உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கும் வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். சின்னத் தாத்தாவும் வேலூரை அடுத்த கரிகிரி மருத்துவமனைக்குப் போய்வந்து, ஆணியில்லாத கறுப்பு ரப்பர்ச் செருப்பு வாங்கிவந்தார். கூட்டு மருந்து வந்தபின் மாத்திரை அட்டைகளை ஒரு வேளை தவறாமல் விழுங்கி முடித்தார். நோய் போயிற்று, மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. அவருக்கென ஒதுக்கிய அலுமினியத் தட்டும் டம்ளரும் பின்கட்டு மாடத்திலேயே இருந்தன. எங்கள் வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் தாத்தாவின் முதலெழுத்து வெட்டியிருக்கும். அந்தத் தட்டில் மட்டும் எதுவும் வெட்டவில்லை, வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அதற்குத் தேவைப்படவில்லை.

தமக்கு நோய் வந்ததும் தமியான் மேடையேறி, 'சகோதரர்களே' என்று தொடங்குவதற்குப் பதிலாக 'தொழுநோயாளிகளாகிய நாம்' என்று தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. படமும் உருக்கமான இசையோடு அப்படித்தான் காட்டியது. உண்மை அதைவிட வலியது. தீவுக்கு வந்த 1873ஆம் ஆண்டின் இறுதியிலேயே, மறையுரையில் தாம் அப்படித்தான் பேசுவதாக அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார். நோய் உறுதியாவதற்கு முன்பே, பதினோரு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். இதை ஆங்கிலத்தில் கேட்டால் பாதிதான் விளங்கும். எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளும் சொல் ஒன்று, விலக்கிவிடும் சொல் ஒன்று எனத் தமிழில் இரண்டு இருக்கின்றன. தெலுங்கிலும் அப்படியே, அவர் பிரசங்கம் செய்த ஹவாய் மொழியிலும் அப்படியே. பங்குத்தந்தை 'மேமு' என்று சொல்லாமல் 'மனம்' என்று அழுத்திச் சொன்னார். தெலுங்கில் 'நாம்' என்பதுதான் அது. பாட்டி அதைத் தமிழ் மனமாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார், நானும் திருத்தவில்லை.

1889 ஏப்ரல் 15ஆம் தேதி, 49ஆம் வயதில் இறந்த தமியானை அந்தத் தாழை மரத்தடியிலேயே புதைத்தார்கள். 1936இல் உடலைப் பெல்ஜியத்துக்கு எடுத்துச் சென்றார்கள். 1995இல் அருளாளர் பட்டம் தந்தபோது, வலக்கையை மட்டும் மொலொக்காய்க்குத் திருப்பி அனுப்பி அந்தப் பழைய குழியில் அடக்கம் செய்தார்கள். 2009இல் புனிதர் ஆனார்.

வீட்டுக்கு வந்ததும், சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அந்தத் தட்டு எங்கே போயிற்று என்று கேட்டேன். சின்னத் தாத்தாவின் கருமாதி முடிந்த மறுநாளே பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். குணமான பிறகும் ஏன் அவரைத் தனியாக உட்காரவைத்தீர்கள் என்று கேட்டதற்கு, குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"நாங்க ஒண்ணும் சொல்லலையேப்பா. அவராத்தான் தட்டை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போயிடுவாரு."