ஆச்சியின் நேர்ச்சையும் பேரனின் பையும்

கோடி அற்புதரான உவரி அந்தோணியாருக்குக் கோடி நன்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத எழுதக் கண் கலங்கினால் கடைசியில் சொல்ல மறந்துவிடுவேன்.

நேர்ச்சை என்னுடையது அல்ல, என் அத்தையுடையது. என் மகனுக்கு ஆச்சி. திசையன்விளைப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். எழுபத்தொரு வயது. பிப்ரவரி மாதம் ஒரு நாள் நான் தொலைபேசியில் அழுதபோது, "அழாதே. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு என் பேரன் தன் காலாலேயே வாசலைத் தாண்டிவிட்டால், திசையன்விளையிலிருந்து செருப்பில்லாமல் நடந்து போய் உவரியார் காலடியில் அவன் பையை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். என்னையும் கேட்கவில்லை, அவர் மகனையும் கேட்கவில்லை, தன் முழங்காலையும் கேட்கவில்லை.

அழுத காரணத்தைச் சொல்ல வேண்டும். மகனின் படிப்புக்காகவே பாளையங்கோட்டைக்கு வந்தவர்கள் நாங்கள். ஊரில் ஒரு விளையை, அதாவது தோட்ட நிலத்தை, விற்றுத்தான் வீட்டுக்கு முன்பணமும் பள்ளிக்குக் கட்டணமும் கட்டினோம். ஏழாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவனை எட்டாம் வகுப்பில் பெரிய பள்ளியில் சேர்த்தோம். டிசம்பர் வரை ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஜனவரியில் பள்ளியிலிருந்து அழைத்து, "பையனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள். பதினொரு நாளாக அவன் வகுப்புக்குப் போகவில்லை. காலையில் சீருடை போட்டு, சாப்பாடு எடுத்துக்கொண்டு, என்னிடம் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு கிளம்பியவன், வ.உ.சி. மைதானத்துப் படியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வந்திருக்கிறான். தெரிந்த பிறகு வீட்டைவிட்டே வெளியே வர மறுத்துவிட்டான். அடித்தோம் என்பதையும் மறைக்கப் போவதில்லை. அடித்துப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், மருத்துவரிடமும் காட்டினோம். முழுப் பரீட்சையை மட்டும் எப்படியோ எழுதினான்.

பக்கத்து வீட்டு அக்கா சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை. "கர்த்தரிடம் நேரே கேட்கலாமே, நடுவில் எதற்கு அந்தோணியார்?" என்பார். ஆனால் மூன்று மாதம் வெள்ளிக்கிழமைதோறும் என் மகனுக்காக உபவாசம் இருந்தவர் அவர்தான். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆலயத்தில் பிள்ளைகளுக்காக ஜெபித்தபோது இவன் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த வழியாகப் போன ஜெபம் முதலில் போய்ச் சேர்ந்தது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஜூன் 2, திங்கட்கிழமை. அவன் வாசலைத் தாண்டினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எதிர்க்கடையில் பத்து மணி வரை நின்றேன், வெளியே வந்துவிடுவானோ என்று. கடைக்காரர் இரண்டு முறை, "என்ன வேண்டும் அம்மா?" என்று கேட்டார். என்ன சொல்வது? ஒரு கடலைமிட்டாய் வாங்கினேன்.

அடுத்த செவ்வாயே நேர்ச்சையைச் செலுத்த வேண்டும் என்றார் அத்தை. "பள்ளிக்கூடம் போனதற்கு நன்றி சொல்ல, பள்ளிக்கூடத்துக்கு லீவா? சனிக்கிழமை போனால் அந்தோணியார் கதவைச் சாத்திக்கொள்வாரா?" என்று என் கணவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அத்தையிடம் நியாயம் செல்லாது. அந்தோணியார் 1231 ஜூன் 13-ஆம் தேதி இறந்தார், அடக்கம் செய்தது செவ்வாய்க்கிழமை, அதனால் செவ்வாய்தான் அவர் நாள் என்று முடித்துவிட்டார். கணவருக்கு வேலையிலிருந்து வர முடியவில்லை. திங்கள் மாலை பள்ளி விட்டதும் அவனை அழைத்துக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

அன்றைக்கு வைகாசி விசாகம். அது நினைவில் இல்லாமல் போனது என் தவறு. திருச்செந்தூருக்கும் உவரி சுயம்புலிங்க சாமிக்கும் போகிறவர்களால் புதிய பஸ் நிலையம் நிரம்பி வழிந்தது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தவர், அந்தத் துண்டை எடுத்து எறிந்துவிட்டு உட்கார்ந்தவர், இருவருக்கும் நடுவில் என் தோள். மஞ்சள் உடுத்திய ஓர் அம்மா, "நீங்களும் உவரிக்கா? அந்தோணியாரா, சாமியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் மடியில் என் மகனின் பையை வாங்கி வைத்துக்கொண்டார். இட்டமொழி தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது.

அத்தை திசையன்விளையில் தயாராக நின்றார். காலில் செருப்பு இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஜெபமாலையை முத்தமிட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "வீடு திரும்பும் வரை இனிப் போடமாட்டேன்" என்றார். அதை எங்கே வைப்பது என்று நாங்கள் யோசிப்பதற்குள், மகன் ஒரு தாளில் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். "பாடப்புத்தகத்தோடா?" என்றேன். "கீழே தனி அறை இருக்கிறது" என்றான்.

நல்ல நிலா. இரண்டு பக்கமும் பனை, காற்றில் ஓலை உரசும் சத்தம். சாரல் எல்லாம் தென்காசிப் பக்கத்தோடு நின்றுவிடும். எங்களுக்கு வருவது வெறும் காற்றும் மண்ணும்தான். ஓர் ஆட்டோ அரை கிலோமீட்டர் தூரம் எங்களோடு ஊர்ந்துகொண்டே வந்தது. "பாட்டியம்மாவை ஏற்றுங்கள், கோயிலுக்கு முன்னால் இறக்கிவிடுகிறேன், சாமிக்குத் தெரியவா போகிறது?" என்றார் ஓட்டுநர். அத்தை நின்று திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஆட்டோ போய்விட்டது.

நடந்துகொண்டே ஜெபமாலை சொன்னோம். திங்கட்கிழமை என்பதால் சந்தோஷ தேவ இரகசியம் ஐந்தும். அத்தை பழைய செபம்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." மகனுக்குத் தெரிந்தது, "அருள் நிறைந்த மரியே வாழ்க." இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நடந்தன. ஆச்சி முடிப்பதற்கு முன்னால் இவன் முடித்துவிட்டு, அவருக்காக அடுத்த மணியில் காத்திருப்பான். நான்கு இரகசியம் முடிவதற்குள் மூன்று பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து எழுந்தோம். ஐந்தாவதைத் தொடங்க அத்தை மூச்சு வாங்கினார். "காணாமற்போன இயேசுவைத் தேவாலயத்தில் கண்டடைந்தது."

எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து ஒருநாள் தூரம் நடந்துவிட்டார்கள். நான் பதினொரு நாள் நடந்திருக்கிறேன், மாதாவே. உன் மகன் ஆசிரியர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். என் மகன் ஆசிரியர்களுக்குப் பயந்து மைதானத்துப் படியில் இருந்தான். நான் நின்றுவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை அந்தப் பத்து மணியையும் தனியாகச் சொல்லி முடித்தார்.

பிறகு கொஞ்ச தூரம் பேச்சில்லை. அத்தைதான் ஆரம்பித்தார். "ராசா, அந்தோணியாரும் வாத்தியார்தான், தெரியுமா? சங்கீதப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். பாடம் நடத்துவதற்கு அவரே கைப்பட ஓரத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். அச்சு இல்லாத காலம். மடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அந்தோணியார் செபித்தார், புத்தகம் திரும்பி வந்தது. அதனால்தான் காணாமற்போன பொருளுக்கு அவரிடம் கேட்கிறோம்."

மகன் கேட்டது புத்தகத்தைப் பற்றி அல்ல. "அந்தப் பையனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களா, ஆச்சி?"

"பின்னே? சேர்த்துக்கொண்டார்கள்."

"திட்டினார்களா?"

"அது கதையில் இல்லை" என்றார் அத்தை.

அதற்குப் பிறகு அவனாகவே சொன்னான், இருட்டைப் பார்த்துக்கொண்டு. வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தான். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, அதையே மறுபடியும் வாசிக்கச் சொன்னார். மறுநாளும். அதற்கடுத்த நாளும். இவ்வளவுதான். ஆறு மாதமாக மருத்துவரும் நாங்களும் தேடிய காரணம் ஒரே ஒரு சொல். அது என்ன சொல் என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "இந்த வருடம் ஆசிரியர் வேறு" என்றான்.

உவரி போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மணலில் ஒரு போர்வை விரிக்க இடம் தேடினால், ஆள் இல்லாத இடத்தில் எல்லாம் பை இருந்தது. தூங்கினோம் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் இரவு முழுவதும் கைப்பேசியில் பாட்டு வைத்த ஒரு குடும்பம். விடியற்காலையில் காணிக்கைக்கு உப்பும் மிளகும் விற்கும் பெண் ஒருவர் என் கையில் பொட்டலத்தைத் திணித்துவிட்டு, வேண்டாம் என்றாலும் திரும்ப வாங்க மறுத்து, "அந்தோணியாருக்கு இல்லை என்கிறாயா?" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். கொடுத்துவிட்டேன். ஒரு கை உப்புக்கு அந்த விலை அநியாயம்.

பூசை முடிந்ததும் வரிசை. வரிசை என்று சொல்வது மரியாதைக்கு. குழந்தையைத் தூக்கிக் காட்டி முன்னால் போகிறவர்கள், "ஒரே நிமிடம்" என்று குறுக்கே நுழைகிறவர்கள், அந்தோணியார் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள். எனக்கு முன்னால் ஒரு பெண், கல்லூரி விடுதிக்குப் போக வேண்டிய மகளோடு நின்றார். மகள் பேசவே இல்லை, அம்மா அழுதுகொண்டே இருந்தார். பின்னால் ஒருவர் ஒன்றாம் வகுப்புச் சேரும் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தார். அதன் காலில் புதுச் சப்பாத்து. அது என் பின்னந்தலையில் தாளம் போட்டது. ஜூன் மாதத்துச் செவ்வாய் அல்லவா, பாதிப் பேர் பெற்றோர்தான்.

காலராவில் தவித்த கப்பலில் தச்சன் ஒருவன் செதுக்கிய மரச் சுரூபம் என்று பாட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். அதன் முன்னால் வந்ததும், ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்த என் வேண்டுதல்கள் போன இடம் தெரியவில்லை. கணக்கில் மதிப்பெண், நல்ல நண்பர்கள், பத்தாம் வகுப்பு, அதற்குப் பிறகு என்ன படிப்பது என்பது வரை எழுதியிருந்தேன். அந்தோணியார் கையில் பாலன் இயேசு இருந்தார். அதை மட்டும்தான் பார்த்தேன். எவ்வளவு லேசாகப் பிடித்திருக்கிறார்! இறுக்கவே இல்லை. மகன் குனிந்து பையைக் கீழே வைத்தான். அத்தை கஷ்டப்பட்டு முழங்கால் போட்டார். "வந்துவிட்டான்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. பின்னால் இருந்து தள்ளினார்கள்.

வெளியே வந்து கொடிமரத்துப் பக்கம் நின்றபோதுதான் செபம் வந்தது. வந்ததை அப்படியே எழுதுகிறேன், வேண்டுமானால் நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள்: "ஆண்டவரே, இந்த மாதம் வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்ப மனமில்லாமல் நிற்கிற எல்லாத் தாய் தகப்பன்மாரையும் பாரும். கட்டணத்துக்கு நகையை வைத்தவர்கள், விளையை விற்றவர்கள், எங்கள் ஆசையைப் பிள்ளையின் முதுகில் ஏற்றிவிட்டுப் பை கனக்கிறது என்று புத்தகத்தைக் குறை சொல்கிற எங்களை மன்னியும். மாலையில் வீடு வருகிறவனிடம் எவ்வளவு மதிப்பெண் என்று கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேட்கிற நாக்கைத் தாரும். இறந்த பிறகும் அழியாமல் இருக்கிற அந்தோணியாருடைய நாக்கைப் போல ஒரு நாக்கு வேண்டாம், கொஞ்சம் அடங்கிய நாக்குப் போதும். ஆசிரியர்களையும் ஆசீர்வதியும், சிரித்தவரையும் சேர்த்து." அந்தக் கடைசி வார்த்தை மனதார வந்தது என்று சொல்லமாட்டேன். சொன்னேன், அவ்வளவுதான்.

ஒன்பது மணிப் பஸ். ஏறி உட்கார்ந்ததும் மகன், "மதியம் முதல் பாடம் அறிவியல்" என்றான். எனக்குப் புரியவில்லை. பையைத் திறந்து காட்டினான். மேலே சீருடை மடித்து வைத்திருந்தது. முந்தைய நாளே வைத்திருக்கிறான். நான் எதுவும் பேசாமல் ஜன்னலைப் பார்த்தேன். அத்தை திசையன்விளையில் இறங்கி, கையைக் காட்டிவிட்டு, வெறுங்காலோடு வெயிலில் நடந்து போனார்.

பாளையங்கோட்டையில் வீட்டுக்கு ஓடி, குளித்து, இரண்டு வாய் சோறு. மதிய மணி அடிப்பதற்குள் வாசலில் இருந்தான். தலைமுடியில் மணல் ஒட்டியிருந்ததைத் தட்டிவிடக் கை நீட்டினேன். அதற்குள் உள்ளே போய்விட்டான். இந்த முறை கடையில் நிற்கவில்லை.

வீட்டுப் படி ஏறும்போது அத்தையிடமிருந்து அழைப்பு.

"போய்விட்டானா?"

"போய்விட்டான் அத்தை."

"ஸ்தோத்திரம். என் செருப்பு எங்கே?"