கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன்

ஜூன் 4

3:10. மறுபடியும்.

ஜூன் 5

முந்தின இரவின் கடனை அடைத்துவிடலாம் என்று நேற்று 9 மணிக்கே படுத்துவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது எட்டரைக்கே தலை தொங்கிக்கொண்டிருந்தது, அறை வாசலைத் தாண்டியதும் நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது. தலையணையைப் பார்த்தாலே பரீட்சை அறைக்குள் போவது போல இருக்கிறது. 10, 11, 12 வரை பார்த்தேன். எப்போது அசந்தேன் என்று தெரியவில்லை, விழித்தபோது 3:10. அப்புறம் அந்த போன். அன்று எடுத்திருந்தால். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்க்கிறேன், எல்லா வழியும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வெளுக்கும்வரை இதுதான்.

ஜூன் 7

டாக்டர் கேட்டார்: படுக்கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறீர்கள்? 9. அதில் எவ்வளவு தூங்குகிறீர்கள்? ஐந்து இருக்கலாம். ஒரு வாரம் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். காலையில் எழுந்த பிறகு உத்தேசமாகக் குறித்தால் போதும், இரவில் மணி பார்க்கக் கூடாது. அது எப்படி முடியும்?

வேறொன்றும் கேட்டார், சுற்றி வளைக்காமல். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? அப்படி இல்லை, காலையில் கண் விழிக்காமலே போனால் பரவாயில்லை என்று சில இரவுகளில் தோன்றியிருக்கிறது என்றேன். இதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் பதறவில்லை. இன்னும் நாலைந்து கேள்விகள் கேட்டார், நிதானமாகக் கேட்டார். அந்த நினைப்பு வலுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அக்காவை எழுப்ப வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். அக்காவுக்கு எதுவுமே தெரியாது.

ஜூன் 8

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மணி என்னன்னு பார்க்காதே, கூப்பிடு" என்றாள்.

ஜூன் 14

ஒரு வாரத்துக்கு 63 மணி நேரம் படுக்கையில் கிடந்திருக்கிறேன், தூங்கியது 36. 57 சதவீதம். இனி நள்ளிரவு 12:30-க்கு முன்னால் படுக்கக் கூடாதாம், தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலை 6 மணிக்கு எழுந்துவிட வேண்டுமாம். ஐந்தரை மணி நேரம்.

கோபம் வந்துவிட்டது. தூக்கமே வராதவளிடம் தூக்கத்தைக் குறை என்றால்? அவர் பொறுமையாகச் சொன்னார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே வருகிறது, அது ஏற ஏறத்தான் தூக்கம் அழுத்தும். நான் பகலில் இரண்டு மணி நேரம் படுத்து அதைக் கரைத்துவிடுகிறேன், மிச்சத்தைக் காபி மறைத்துவிடுகிறது. மாலை 4 மணிக்குக் குடிக்கும் காபியில் ஏறக்குறைய பாதி இரவு 9 மணிக்கும் உடம்பில் இருக்குமாம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சரி, மதியத்துக்குப் பிறகு காபி இல்லை, பகல் தூக்கமும் இல்லை.

இதைத் தொடங்கும் முன்னால் அவர் கேட்ட கேள்விகளை எழுதி வைக்கிறேன், யாராவது தானாகவே இதை முயன்று பார்க்கக் கூடும். தூங்காமலே களைப்பு தெரியாமல் ஒரேயடியாக உற்சாகத்தில் பறந்த நாட்கள் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது அப்படி? இருமுனை நோய் இருப்பவர்களுக்குத் தூக்கத்தைக் குறைத்தால் பித்து நிலை கிளம்பிவிடலாம். வலிப்பு உண்டா? வண்டி ஓட்டுகிறேனா? கண் சொருகும் நாட்களில் வண்டியைத் தொடக் கூடாது.

ஜூன் 15

12:30 இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஜூன் 17

படுத்து, ஒரு இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே போய்விட வேண்டும், கண் அசரும்போதுதான் திரும்ப வரலாம். படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி பழக வேண்டும், இப்போது அதற்குப் படுக்கை என்றால் புரளுவது. கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். கூடத்து நாற்காலி, மங்கலான விளக்கு, மடிக்க வேண்டிய துணி. நேற்று மூன்று தடவை எழுந்தேன். மூன்றாவது தடவை நாற்காலியிலேயே அழுதேன்.

இதெல்லாம் செய்துவிடலாம். போனை அறைக்கு வெளியே வைக்கச் சொல்கிறார், அதுதான் முடியவில்லை. அந்த நாளிலிருந்து சத்தத்தை முழுசாக வைத்துத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். நான் அசந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால்? அவரிடம் காரணம் சொல்லவில்லை. வெளிச்சம், செய்தி, பழக்கம் என்று அவராகவே நினைத்துக்கொண்டார், நானும் தலையாட்டிவிட்டேன்.

ஜூன் 18

வேலை இடத்தில் ஒரே கடிதத்தை இரண்டு தடவை அனுப்பிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் கை நடுங்கிவிட்டது. மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கி 3 வாரம். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம் என்கிறார், ஆரம்பத்தில் அதுவே சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்குமாம், அதனால் காலைக்கு மாற்றிக்கொடுத்தார். காத்திருக்கிறேன். காத்திருப்பதைத் தவிர வேறென்ன செய்கிறேன் இந்த வீட்டில்.

ஜூன் 21

38 மணி 30 நிமிடத்தில் 31 மணி நேரம் தூங்கியிருக்கிறேன். 80 சதவீதம். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

ஜூன் 23

நடு இரவில் விழித்தேன், 3:10-ஆக இருக்கலாம், பார்க்கவில்லை. எல்லோருக்குமே இரவில் சின்னச் சின்ன விழிப்புகள் உண்டு, இரவின் பின்பாதியில் தூக்கம் லேசாகிவிடும், மணி பார்த்துப் பார்த்து நான்தான் அதைக் கெட்டிப்படுத்திவிட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் எல்லாமே பெரிதாகத் தெரிகிறது. மாலை 6 மணிக்கு ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து கவலைகளை எழுதச் சொல்லியிருக்கிறார். இன்று எழுதினேன், பக்கம் முழுக்க ஒரே கவலை. ஒரே வாக்கியம் என்றுகூடச் சொல்லலாம்.

ஜூன் 25

டாக்டரிடம் போன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அப்ப நீங்க ராத்திரி முழுக்கக் காவல் இருக்கீங்க" என்றார். சட்டென்று பதில் வரவில்லை. கூடத்தில், சத்தத்தைக் குறைக்காமலே வைக்கலாம் என்று முடிவானது. அறைக்கதவு திறந்தே இருக்கும்.

ஜூன் 28

33 மணி! 85 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இனி 12:15-க்கே படுக்கலாம். அக்காவிடம் சொன்னேன், பதினைந்து நிமிடத்துக்கா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டாள், கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

ஜூலை 2

நாளை அந்தத் தேதி.

ஜூலை 3

பொட்டுத் தூக்கம் இல்லை. நாற்காலி, துணி, நாற்காலி. விழிக்காமல் போனால் என்ன என்ற அந்த நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. காத்திருக்கவில்லை, கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். அவள் குரலைக் கேட்டதும் என்ன சொல்ல வந்தேன் என்றே மறந்துவிட்டது. எடுத்தாயே, எடுத்தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் வந்துவிட்டாள். டாக்டரிடமும் பேசியாயிற்று, நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 4

அக்கா கூடத்தில் படுத்திருக்கிறாள், போன் அவள் பக்கத்தில். 12:15 ஆக இன்னும் அரை மணி நேரம் இருக்கும், இப்போதே கண் சொருகுகிறது