குஞ்சு விடாத ஓடை

குடியாத்தத்தில் என் மாமா ஏரி குத்தகை எடுப்பவர். மழையில் ஏரி நிரம்பினால் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி வந்து விடுவார், வெயிலில் தண்ணீர் இறங்கியதும் வலை போடுவார். மீன் வேண்டுமென்றால் குஞ்சு விடு. இந்தக் கணக்கோடுதான் பென்சில்வேனியா வந்து சேர்ந்தேன். குடியேறிய ஊரின் பெயரே ஸ்டேட் காலேஜ்.

முதல் ஏப்ரலிலேயே அதே காட்சி. அரசு லாரி ஓடைக்கரையில் நின்றது. வாளி வாளியாக டிரௌட் என்ற குளிர்நீர் மீனைக் கொட்டினார்கள். மாநிலம் முழுக்க வருஷத்துக்கு 30 லட்சத்துக்கு மேல். ஊர் ஞாபகத்தில் நான் பூரித்து நிற்க, பக்கத்து வீட்டுப் பெரியவர் முகம் சுளித்தார். தானே பிறந்து வளரும் காட்டு மீன் இருக்கும் ஓடையில் பண்ணை மீனை விடாதே என்று மனு எழுதுகிறவர் அவர்.

ஸ்டேட் காலேஜ் பக்கம் ஓடும் ஸ்பிரிங் கிரீக் ஓடைக்கு அழைத்துப் போனார். ரசாயன ஆலைக் கழிவு மீனில் ஏறியதால், 1980களின் தொடக்கத்தில் பிடித்த மீனை எடுத்துப்போகத் தடை வந்தது. (பாலாற்றங்கரைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) தின்ன முடியாத மீனை எதற்கு விடுவது என்று அதையும் நிறுத்தினார்கள். அப்புறம் ஓடையிலேயே பிறக்கும் பிரவுன் டிரௌட் பெருகிவிட்டது. தடையும் ஒரு காரணம்தான். ஆனால் மொன்டானா மாநிலத்தில் மீன் விடுவதை மட்டும் நிறுத்திச் சோதித்தபோதும் காட்டு மீன் கூடியது. 1974-இல் அங்கே காட்டு டிரௌட் உள்ள ஆறுகளில் விடுவதையே கைவிட்டார்கள்.

சிமென்ட் தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்த மீன் ஓடையில் அதிக நாள் தாங்காது. போவதற்குள், கல்மறைவில் இடம்பிடித்து இரைக்குக் காத்திருக்கும் காட்டு மீனைக் கிளப்பிவிடும். பண்ணை மீனைப் பிடிக்க வரும் கூட்டத்தின் தூண்டிலில் காட்டு மீனும் மாட்டும்.

பிரவுன் டிரௌட்டே ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். நூறு வருஷத்துக்கு மேல் தானே முட்டையிட்டு ஊர்க்காரன் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் கிரீன் கார்டே வரவில்லை. இருந்தாலும், மனு எழுதியபோது நானும் கையெழுத்துப் போட்டேன்.

விடுமுறையில் மாமாவிடம் சொன்னேன்.

"இன்னா மாப்ளே, குஞ்சு உடாம மீனு எப்டி ஏறும்? நம்ம ஏரி வத்திப் போனா மறுபடி யாரு உடறது?"

வற்றுகிற ஏரிக்கு அவர் சொல்வது சரிதான். அதனால் வேறு விதமாகக் கேட்டேன்: "2021 வெள்ளத்துல ஏரி ரொம்புச்சே, விரால் குஞ்சு எங்க வாங்குன மாமா?"

"விராலை எவன்டா வாங்குவான்? அது தானா வரும்."