வெளிக் குழுவிடம் ஒரு செயலி: நாட்குறிப்பு

2025 ஜூன் 3, செவ்வாய்

வாகன உதிரிபாக மொத்த வியாபாரத்துக்கு ஓர் ஆர்டர் செயலி. விற்பனைப் பிரதிநிதி கடையில் நின்றபடியே ஆர்டர் போட வேண்டும், சிக்னல் இல்லாவிட்டாலும் போட முடிய வேண்டும், ஆர்டர் டேலி கணக்கு மென்பொருளில் போய் விழ வேண்டும். இந்த மூன்றை மட்டும் எழுதி, செயலி செய்துதரும் வெளி நிறுவனங்களுக்கு (வெண்டர்) அனுப்பி விலை கேட்டால், வரும் தொகைகள் ஒன்றுக்கொன்று மூன்று நான்கு மடங்கு வித்தியாசப்படும். யாரும் ஏமாற்றப் பார்க்கவில்லை. ‘சிக்னல் இல்லாவிட்டாலும்’ என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே விலை கேட்கும் முன் சிக்கலான சந்தர்ப்பங்களை எழுதிவிட வேண்டும். கிடங்கில் பத்து பிரேக் பேட்தான் மிச்சம், சிக்னல் இல்லாத இரண்டு ஊர்களில் இருவர் எட்டெட்டு விற்றுவிட்டார்கள், யாருக்குக் கொடுப்பது? காலையில் போனில் இறங்கிய விலை மதியம் மாறினால் எந்த விலை செல்லும்? ஆர்டர் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வராமல் போனால் போன் மறுபடி அனுப்பும். அப்போது ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகாமல் இருக்க, அதற்கான தனி அடையாள எண் போனிலேயே உருவாக வேண்டும். திரைகளை வரைவது அப்புறம். இந்தக் கேள்விகளில் முதல் இரண்டுக்கும் வெண்டரால் விடை சொல்ல முடியாது, வியாபாரம் நடத்துபவர்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, புதன்

எஸ்டிமேட்டில் மொத்தத் தொகைக்கு முன், எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமாக விடுபடுபவை: பழைய தரவை ஏற்றுவது, டெஸ்டிங், லைவ் போன (நிஜப் பயன்பாட்டுக்கு வந்த) பிறகான பக் (பிழை) திருத்தம், 18% ஜிஎஸ்டி.

டேலி இணைப்பு எல்லாருடைய தாளிலும் ஒற்றை வரியாகத்தான் இருக்கும். அதில்தான் வேலை அதிகம். டேலிபிரைம் ஒரு கணினியில் திறந்திருந்து, நிறுவனத்தின் கணக்கும் லோடு ஆகியிருந்தால்தான், எக்ஸ்எம்எல் வடிவில் வரும் ஆர்டரை வாங்கிக்கொள்ளும். அது வரும் வாசல் எண், அதாவது போர்ட், இயல்பாக 9000. கணக்காளர் மாலையில் டேலியை மூடிவிட்டால் ஆர்டர் போகாது, நடுவில் காத்திருக்க ஒரு வரிசை வேண்டும். லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) பெயரோ பொருளின் பெயரோ டேலியில் இல்லாவிட்டால் வவுச்சர் (ஆர்டரின் பதிவு) ஏறாது. அந்தப் பிழை யார் கண்ணில் பட வேண்டும் என்பதும் முடிவாக வேண்டும். இதற்கு ஃபிக்ஸட் பிரைஸ் (முன்பே பேசிய ஒரே தொகை) கேட்டால், வெண்டர் தன் பயத்தையும் சேர்த்து விலை போடுவார். இல்லையென்றால் குறைத்துப் போட்டு, பிறகு ஒவ்வொன்றையும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் (கூடுதல் காசு கேட்கும் மாற்றம்) ஆக்குவார். திரைகளுக்கு ஃபிக்ஸட் பிரைஸ், டேலி பகுதிக்கு உழைத்த நேரத்துக்கான மாதக் கட்டணம் என்று பிரிப்பதுதான் இருவருக்கும் நியாயம்.

இறுதிப் பட்டியலில் உள்ள இரண்டு பேருக்கும் இரண்டு வாரச் சோதனை வேலை, காசு கொடுத்து. நெட் இல்லாமல் ஆர்டர் சேமிக்கும் பகுதி மட்டும் போதும். மீட்டிங்கில் பேசியவர்கள் அல்ல, நிஜமாக வேலைக்கு வரப்போகிறவர்களே செய்ய வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

ஒப்பந்தம். ‘காசு கொடுத்தாச்சு, கோடு (செயலியின் நிரல்) நம்முடையது’ என்ற நம்பிக்கை இந்தியச் சட்டத்தில் நிற்காது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை இலக்கியப் படைப்பு வகையில் வைக்கிறது. பிரிவு 17இன்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வெண்டர் நமக்கு ஊழியர் அல்ல. அவருடைய ஊழியர்கள் எழுதியது அவருக்கே சொந்தம். எழுத்தில் மாற்றித் தந்தால்தான் நமக்கு வரும்.

அந்த எழுத்திலும் பிரிவு 19 கவனிக்க வேண்டியது. காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர. ஆகவே ஒப்பந்தத்தின் உரிமை மாற்ற உட்பிரிவில் நான்கு விஷயம் வேண்டும்: பதிப்புரிமையின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் காலாவதி ஆகாது, வெண்டர் அமர்த்தும் ஃப்ரீலான்ஸர்களிடமும் இதே எழுத்து வாங்கித் தரப்படும். கடைசியானது பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஃப்ரீலான்ஸர் வெண்டருக்கே எழுதிக் கொடுக்காததை வெண்டர் நமக்கு எழுதித் தர முடியாது.

‘முழுப் பணமும் வந்த பிறகே உரிமை மாறும்’ என்று வெண்டர் கேட்பார். மைல்ஸ்டோன்தோறும் (வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும்), அதற்கான பணம் சேர்ந்ததும் அந்தப் பகுதி மாறும் என்று எழுதுவது சரியான நடுவழி.

ஜூலை 2, புதன்

முதல் வரி கோடு எழுதும் முன் கணக்குகள் எல்லாம் நிறுவனத்தின் பெயரில் திறந்தாக வேண்டும்: டொமைன், கிட் ரெப்போ (கோடு சேமிக்கும் இடம்), ஏடபிள்யூஎஸ் ரூட் கணக்கு (வாடகை சர்வர்களின் முதன்மைக் கணக்கு), கூகுள் ப்ளே, ஆப்பிள் டெவலப்பர். வெண்டர் ஆட்களுக்குத் தனித்தனிப் பயனர் கணக்கு. ரூட் கடவுச்சொல் அவர்களிடம் போகவே கூடாது.

ப்ளேயில் நிறுவனக் கணக்குக்கு டன்ஸ் எண் (நிறுவனங்களுக்கான சர்வதேச அடையாள எண்) கேட்பார்கள். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இன்றே விண்ணப்பிக்க வேண்டும். அவசரத்துக்கு வெண்டரின் கணக்கில் ஏற்றிவிட்டால், பிறகு நம் கணக்குக்கு மாற்ற அவர்தான் விண்ணப்பம் தொடங்க வேண்டும். உறவு முறிந்துவிட்டால் புதுப் பெயரில் புதுச் செயலி, எல்லாப் போன்களிலும் மறுபடி இன்ஸ்டால். ஓடிபி எஸ்எம்எஸ்ஸுக்கான டிஎல்டி பதிவு (வணிக எஸ்எம்எஸ் அனுப்பத் தேவையான பதிவு), ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் (செய்தியின் மாதிரி) மூன்றும் நம் பெயரில்.

ஜூலை 25, வெள்ளி

வாராந்திர டெமோவைவிட ரெப்போ அதிகம் சொல்லும். தினமும் சிறு சிறு கமிட்டாக (ரெப்போவில் சேர்க்கும் கோடு மாற்றம்) வருகிறதா, வெள்ளிக்கிழமை மாலை ஒரே மூட்டையாக விழுகிறதா? ஒப்பந்தத்தில் இல்லாத பெயர் கமிட்டில் இருந்தால் வேலை இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது என்று பொருள்; அன்றே கேட்க வேண்டும். கோடில் கடவுச்சொல் சிக்கினால் அடுத்த கமிட்டில் அழித்தால் போதாது, பழைய வரலாற்றில் அது இருக்கும். கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதல் மைல்ஸ்டோன் வந்தது. இங்கே டெஸ்டிங்கும் சட்டமும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. வெண்டர் அரசின் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. பணமும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால்கூட, 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில் மாதாந்திரக் கூட்டுவட்டி. போதாக்குறைக்கு, வருமான வரிச் சட்டப்படி அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும்.

எனவே டெஸ்ட் திட்டம் 15 நாளுக்குள் முடிகிற மாதிரி இருக்க வேண்டும், 10 நாள் என்றால் நிம்மதி. ஒவ்வொரு பக்கும் எந்தப் போன், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது, என்ன நடந்திருக்க வேண்டும் என்ற நான்கு தகவலோடு எண் போட்டு மின்னஞ்சலில் போக வேண்டும். ‘ஆப் ஸ்லோவா இருக்கு’ என்ற வாட்ஸ்ஆப் செய்தியை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. வேகம் என்றால், ‘5,000 பொருள் உள்ள பட்டியலில் தேடல் விடை ஒரு நொடிக்குள்’ என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

டெஸ்டுக்கு உண்மையான வாடிக்கையாளர் தரவைக் கொடுக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வெண்டர் கையில் நடந்த கசிவுக்கும் பொறுப்பு நம்மைத்தான் சேரும்.

செப்டம்பர் 4, வியாழன்

லைவுக்கு முன் வெண்டர் தரும் ‘நாங்கள் தயார்’ என்ற கடிதம் பற்றி. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. அதைக் கட்டியது அப்போதைய தாய் நிறுவனமான சபதெல் வங்கியின் தொழில்நுட்பப் பிரிவு சபிஸ். தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, அமைப்பு தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுவதும் சீராக டிசம்பர் ஆனது. இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே பளு சோதனை (ஒரே நேரத்தில் பலர் வந்தால் தாங்குமா என்ற சோதனை) நடந்திருந்ததாகப் பின்னர் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. 2022இல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். அப்போதைய தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரிக்கும் 2023இல் 81,620 பவுண்டு. சபிஸ் எழுதித் தந்த உறுதியை, அது எதன் மேல் நிற்கிறது என்று சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டது அவர் மீதான குறைகளில் ஒன்று.

நூறு பேர் போடும் ஆர்டர் செயலிக்கும் இது பொருந்தும். பளு சோதனை லைவ் சர்வரிலேயே, லைவுக்கு முன், நம் ஆள் பக்கத்தில் இருக்க நடக்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லாரும் ஒரே மணி நேரத்தில் ஆர்டர் அனுப்பும் கூட்டம்தான் அளவுகோல்.

அக்டோபர் 8, புதன்

ஒப்படைப்பு. கேடி (தெரிந்ததைக் கைமாற்றுதல்) என்ற பெயரில் இரண்டு மணி நேர வீடியோ பதிவு வாங்கி வைத்துக்கொள்வதால் பயனில்லை. இந்தக் கோடைத் தொட்டே பார்க்காத ஒரு டெவலப்பர், ஒரு புது லேப்டாப், ரெப்போவில் உள்ள ரீட்மி கோப்பு (செய்முறைக் குறிப்பு). அதை மட்டும் படித்து அவர் செயலியை பில்ட் செய்து (கோடிலிருந்து உருவாக்கி), டெஸ்ட் சர்வரில் ஏற்றி, நேற்றைய பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்க வேண்டும். வெண்டர் குழு பார்த்துக்கொண்டிருக்கலாம், சொல்லித்தரக் கூடாது. அவர் வாய்விட்டுக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ரீட்மியில் விட்டுப்போன ஒரு வரி.

இதைத் தனி மைல்ஸ்டோனாக, தனித் தொகையோடு ஒப்பந்தத்தில் வைத்திருக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட வேலையின் பணத்தை இதற்காகப் பிடித்துவைத்தால் 45 நாள் விதி குறுக்கே வரும்.

முடிந்ததும் சர்வர் சாவிகள், டேட்டாபேஸ் கடவுச்சொல், எஸ்எம்எஸ் ஏபிஐ சாவி எல்லாம் மாற வேண்டும். வெண்டர் பயனர்கள் நீக்கப்பட வேண்டும். வாரன்டி காலத்துக்கு டெஸ்ட் சர்வரில் மட்டும் ஒரு கணக்கு. அது காலாவதியாகும் தேதியை இன்றே செட் செய்துவிட வேண்டும்.